ஒத்து ஊதும் இயந்திரம்

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். படிக்கும் மற்றவர்களுக்கும் விஷயம் தெரிய வேண்டுமே. சேலத்தில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். தோழிகளோடு ஏற்காட்டுக்குப் போய், மழையில் அறையை விட்டு வெளியே வர முடியாத இரண்டு நாளில் ஒரு நாவலைப் பாதிவரை படித்திருக்கிறீர்கள். இன்னும் இருபது வருடம் கழித்து நடப்பதாக எழுதப்பட்ட கதை. மறதி நோய் வந்த ஒரு பியானோ டீச்சர், அவருடைய மகள், மகள் வாங்கித் தரும் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவி. சட்டைக் காலரில் குத்திக்கொள்ளும் பொத்தான் அளவுதான் இருக்கும். அம்மாவின் பழைய கடிதம், போட்டோ, போன் பேச்சு எல்லாவற்றையும் விழுங்கி வைத்துக்கொண்டு, அவர் பேச்சில் தடுமாறும்போதெல்லாம் காதுக்குள் எடுத்துக் கொடுக்கும். நடுப்பக்கத்தில் அம்மா, சின்ன வயதில் தம்பியோடு கடற்கரைக்குப் போனதைச் சொல்லி அழுகிறார். அவருக்குத் தம்பியே கிடையாது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டீர்கள். "இது நிஜமாகவே நடக்குமா, இல்லை ஆசிரியர் ரீல் விடுகிறாரா? அறிவியல் தெரியாத நான் இதை மேற்கொண்டு படிப்பதில் பிரயோஜனம் உண்டா?" என்பது கேள்வி.

நடக்கும். அந்த நாவலை நானும் படித்தேன். அதில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய அத்தியாயம் எது என்று கேட்டால், நீங்கள் மூடிவைத்த அதைத்தான் சொல்வேன். நீங்கள் ஒரு கேள்வியும் கேட்காமல் தாண்டி வந்த மூன்றாம் அத்தியாயம்தான் ரீல். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் 26 வருடம் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தியவன். மூளை டாக்டர் இல்லை. ஆனாலும் இந்தத் தம்பி விவகாரம் எனக்கே நடந்திருக்கிறது.

ஐந்து வயதில் ஏற்காடு போன ஞாபகம் ஒன்று எனக்கு உண்டு. திரும்பி வரும்போது பஸ் மலையிறங்குகிறது. 20 கொண்டை ஊசி வளைவில் எத்தனையாவதோ ஒன்றில் பிரேக்கிலிருந்து புகை வருகிறது. எல்லாரையும் இறக்கி ஓரமாக நிற்க வைக்கிறார்கள். கண்டக்டர் பெரிய கல்லாகப் பார்த்து உருட்டிவந்து டயருக்கு முட்டுக் கொடுக்கிறார். ரப்பர் கருகும் வாடை. அம்மா முந்தானையால் என் மூக்கைப் பொத்துகிறாள். இதை எத்தனையோ வகுப்பில் சொல்லியிருக்கிறேன், உராய்வு பற்றிப் பேச்சு வந்தாலே சொல்வேன். எனக்கு ஐம்பது வயதானபோது ஆத்தூரில் அக்கா வீட்டு விசேஷத்தில் இதை ஆரம்பித்தேன். அக்கா பாதியிலேயே வெட்டினாள். "நீ எங்கடா வந்தே? உனக்கு அம்மை போட்டு, வாழப்பாடியில அம்மாயி வீட்டுல வேப்பிலையோட படுத்திருந்தே. அம்மா பொத்துனது என் மூக்கை." பக்கத்திலிருந்த பெரியம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினார்.

சரி, நான் போகவில்லை. வீட்டில் பத்து வருடம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட கதைக்குள் என்னை நானே ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இது தெரிந்த பிறகும் அந்த ரப்பர் வாடை போகவில்லை. இப்போது எழுதும்போதுகூட மூக்கில் வருகிறது.

இதை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. 1932-லேயே ஃபிரெடெரிக் பார்ட்லெட் என்ற ஆங்கிலேய உளவியலாளர், தம் மாணவர்களுக்குப் பழக்கமில்லாத ஒரு அமெரிக்கப் பழங்குடிக் கதையைக் கொடுத்து, நாள் விட்டு நாள் விட்டுத் திரும்பச் சொல்லச் சொன்ன சோதனைகளைப் பதிவு செய்தார். புரியாத இடங்கள் உதிர்ந்தன. மிச்சத்தை அவரவர் தங்களுக்குப் பழகின உலகத்தை வைத்து ஒட்டுப்போட்டார்கள். 1974-ல் எலிசபெத் லாஃப்டஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்தது இன்னும் எளிமையானது. கார் விபத்துக் காட்சியைக் காட்டிவிட்டு, ஒரு 50 பேரிடம் கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்றும், இன்னொரு 50 பேரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி கிடந்ததா என்று எல்லாரிடமும் கேட்டார். காட்சியில் கண்ணாடி உடையவே இல்லை. முதல் கூட்டத்தில் 7 பேர் பார்த்தேன் என்றார்கள், இரண்டாவதில் 16 பேர். கேள்வியில் ஒரு வினைச்சொல் மாறியதற்கே இவ்வளவு.

உங்கள் நாவலுக்கு இன்னும் நெருக்கமானது 2002-ல் கிம்பர்லி வேட் குழு செய்தது. 20 பேரின் சின்ன வயதுப் படங்களைக் குடும்பத்தாரிடம் வாங்கி, அவர்கள் வெப்பக் காற்று பலூனில் பறப்பதுபோல ஒரு போலிப் படம் தயாரித்து, நிஜப் படங்களுக்கு நடுவில் வைத்தார்கள். ஒருவரும் பலூனில் ஏறியதில்லை. ஓரிரு வாரத்தில் மூன்று முறை பேட்டி எடுத்ததில் பாதிப்பேருக்குக் கொஞ்சமாவது ஞாபகம் 'வந்துவிட்டது'. அது ஒரு ஆள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிச் செய்த படம். 2024-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், லாஃப்டஸும் சேர்ந்து, செயற்கை நுண்ணறிவு திருத்திய படங்களையும் அதிலிருந்து செய்த வீடியோவையும் வைத்துச் சோதித்தபோது பொய் ஞாபகங்கள் இன்னும் கூடின. ஆகவே தம்பி, கடற்கரை, கண்ணீர் எதிலும் ஆசிரியர் கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் அடக்கித்தான் வாசித்திருக்கிறார்.

இப்போது கருவியின் பக்கம். இந்த மாதிரி நாவல் படிக்கும்போது தலை சுற்றுவதற்கு முக்கியக் காரணம், 'நினைவகம்' என்ற ஒரே சொல்லை ஆசிரியர் மூன்று வெவ்வேறு பொருளுக்குப் பயன்படுத்துவதுதான். பத்திரிகைக்காரர்களும் அதையே செய்கிறார்கள், ஆசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. இதைப் பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

சேலத்தில் சாயங்காலம் தட்டுவடை செட் போடும் ஒரு கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சிட்டிகை உப்பு, எந்தச் சட்னிக்குப் பிறகு எந்தச் சட்னி, துருவின பீட்ரூட் எவ்வளவு என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. எந்த நாளில் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. ஏராளமான எழுத்தைப் படித்துப் பழகி, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துப் பேசும் மென்பொருளை மொழி மாதிரி என்கிறார்கள். அவற்றின் பயிற்சி நினைவு இந்த ரகம். 2020-ல் வந்த ஜிபிடி-3 என்ற மாதிரிக்குள் 17,500 கோடி எண்கள் இருந்தன. கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்துப் படித்து அந்த எண்கள் திருகித் திருகிச் சரிசெய்யப்பட்டவை. அதற்குள் போய் 'அந்த வாக்கியம் எங்கே' என்று தேடினால் கிடைக்காது. கைப்பழக்கம்தான் கிடைக்கும்.

இரண்டாவது, அவருக்கு முன்னால் இப்போது நிற்கும் ஐந்தாறு பேர் சொன்ன ஆர்டர். யாருக்குக் காரம் வேண்டாம், யாருக்குப் பார்சல். ஆள் போனதும் அது காலி. உரையாடலின்போது மாதிரி கண்முன் வைத்துக்கொள்ளும் எழுத்து இந்த ரகம். அதற்கு ஒரு அளவு உண்டு. நிரம்பினால் பழையது விளிம்பில் விழுந்துவிடும். (இதில் தமிழுக்கு ஒரு கூடுதல் செலவு உண்டு. கம்ப்யூட்டர் எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'கி' என்ற ஒற்றை எழுத்து இரண்டு குறியீடுகளாக, 6 பைட்டாகப் போகிறது. ஆங்கில 'ஏ' ஒரே பைட். பல மாதிரிகள் தமிழை இப்படிப் பொடிப்பொடியாக நறுக்கியே படிப்பதால், அதே இடத்தில் ஆங்கிலத்தைவிடக் குறைவான தமிழ்தான் கொள்ளும். தமிழ் பேசும் அம்மாவுக்கு இந்தக் கருவியை மாட்டியிருந்தால் சீக்கிரம் மறந்திருக்கும் என்று படிக்கும்போது நினைத்துக்கொண்டேன்.)

மூன்றாவது, கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் கணக்கு நோட்டு. யார் எவ்வளவு பாக்கி என்று எழுதி வைத்தது. தேவைப்படும்போது புரட்டிப் பார்த்து அதன்படி பேசலாம். வெளியே ஒரு சேமிப்பில் கடிதமும் போட்டோவும் வைத்து, கேட்டவுடன் பொருத்தமானதைத் தேடி எடுத்துப் பேசும் முறை இதுதான்.

நாவலில் கருவி பேசும் ஒவ்வொரு இடத்திலும் இது நோட்டா, ஆர்டரா, கைப்பழக்கமா என்று கேளுங்கள். அம்மாவின் கல்யாணத் தேதியைச் சொல்கிறது என்றால் நோட்டு. காலையில் மாத்திரை போட்டதைச் சொல்கிறது என்றால் ஆர்டர். தம்பி எங்கிருந்து வந்தான்? கடிதக் கட்டில் அவன் இல்லை. படத்தில் கடற்கரை மட்டும் இருக்கிறது, பக்கத்தில் யாரோ ஒரு பையன். அந்த வயதுப் படங்களில், அந்த மாதிரிக் குடும்பங்களில், பக்கத்தில் நிற்கும் பையன் பெரும்பாலும் தம்பியாக இருப்பான். கை தானாகச் சட்னியை ஊற்றிவிட்டது. நோட்டில் பக்கம் கிழிந்திருந்தால் கடைக்காரர் 'தெரியலைங்க' என்பார். மொழி மாதிரிக்கு அந்தச் சொல்லைத் தனியாகப் பழக்க வேண்டும். பழக்கினாலும் முழுசாகப் படிவதில்லை.

இதைப் 'பிரமை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் செர்கேய் கோர்சகோவ் என்ற ரஷ்ய மருத்துவர், பெரும்பாலும் குடியால் கெட்டுப்போன சில நோயாளிகளைப் பற்றி எழுதினார். நேற்று என்ன செய்தாய் என்று கேட்டால், படுக்கையை விட்டு எழாத ஆள் 'சந்தைக்குப் போனேன்' என்று சரளமாகச் சொல்வார். ஏமாற்றும் எண்ணம் துளியும் கிடையாது. இடைவெளி இருப்பதே அவருக்குத் தெரியாது. நம்மிடம் 'இட்டுக்கட்டுவது' என்ற அருமையான சொல் இருக்கிறது. தன்னை அறியாமல் இட்டுக்கட்டுவது என்று சேர்த்துச் சொன்னால் நோயாளிக்கும் பொருந்தும், இயந்திரத்துக்கும் பொருந்தும், மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும் ஐந்து வயதுப் பையனுக்கும் பொருந்தும்.

நீங்கள் மலையேறிய வழியிலேயே இதற்கு ஒரு உதாரணம் நிற்கிறது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய ஸ்டூடியோ. நூற்றுக்கும் மேல் படம் எடுத்த இடம். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-ல் இங்கிருந்துதான் வந்தது. அந்தப் படம் இன்று கிடையாது. பாட்டுப் புத்தகமும் சில புகைப்படங்களும்தான் மிச்சம். இப்போது ஒருவர் அந்தப் பாட்டுப் புத்தகத்தையும் புகைப்படங்களையும் ஒரு செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து 'படத்தை மீட்டுக்கொடு' என்றால், நாளைக்கே இரண்டு மணி நேரம் ஓடும் ஒன்று வந்து நிற்கலாம். 1938-க்கு ஏற்ற வெளிச்சம், ஏற்ற இரைச்சல், ஏற்ற நடிப்பு. அதைப் பார்த்து அழுகிறவர்களும் இருப்பார்கள். ஆனால் அது 'பாலன்' ஆகாது. 'பாலன்' மாதிரியான படங்களின் சராசரி அது. இதில் உறுத்துவது வேறொன்று. அசல் படத்தைக் கொட்டகையில் பார்த்து 'அட, இந்த சீன் அப்படி இல்லையே' என்று சொல்லக்கூடியவர்களைத் தேடி இனி எங்கே போவது?

நாவலின் நடுப்பகுதியில் எனக்கு மிகவும் பிடித்ததும் பயந்ததும் இதுதான். அம்மா எதைச் சொன்னாலும் கருவி 'ஆமாம்' என்கிறது. நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவர் ஒரே சுருதியை விடாமல் பிடிப்பதுபோல. இதுவும் கற்பனை இல்லை. பயனருக்குப் பிடித்த பதிலுக்கு மதிப்பெண் கொடுத்துக் கொடுத்துப் பழக்குவதால், இப்போதிருக்கும் உரையாடல் மாதிரிகளுக்கே ஆளோடு ஒத்துப்போகும் சாய்வு வந்துவிடுகிறது. அம்மாவுக்குக் கடற்கரை நினைவு சந்தோஷம் தருகிறது, கருவிக்கு அது போதும். அந்த வீட்டில் என் அக்கா மாதிரி ஒருத்தி இல்லை. மகள் இருக்கிறாளே என்பீர்கள். அவள் அம்மாவின் சின்ன வயதில் பிறக்கவே இல்லை, எதை வைத்து மறுப்பாள்? போதாக்குறைக்கு, அவளும் அதே கருவியிடம்தான் போய்க் கேட்கிறாள். மறுக்க ஆளில்லாத நினைவு என்ன ஆகும் என்பதுதான் இந்த நாவலின் கதை என்பது என் வாசிப்பு. பின்னட்டையில் போட்டிருக்கும் 'மனிதனா இயந்திரமா' எல்லாம் விற்பனைக்கு.

இனி அந்த மூன்றாம் அத்தியாயம். தலையில் ஒரு தொப்பியை மாட்டி, அம்மாவின் நினைவுகளை 'இறக்கி' கருவியில் ஏற்றுகிறார்கள், நாலு பக்கத்தில் வேலை முடிகிறது. ஒரு நினைவு மூளையில் ஒரே இடத்தில் ஃபைல் மாதிரி உட்கார்ந்திருப்பதில்லை. பார்த்தது, கேட்டது, பயந்தது எல்லாம் வெவ்வேறு இடத்து நரம்பு செல்களின் இணைப்புகளில் பரவிக் கிடக்கிறது. இதுவரை செய்து பார்த்ததில் துணிச்சலானது 2013-ல் எம்ஐடியில் எலிகளை வைத்து நடந்தது. ஒரு பெட்டியை நினைவில் வைத்த செல்களை அடையாளம் பிடித்து, எலி வேறொரு பெட்டியில் இருக்கும்போது அந்தச் செல்களை ஒளியால் தூண்டிக்கொண்டே காலில் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு முதல் பெட்டியில் விட்டால், ஒன்றுமே நடக்காத அந்தப் பெட்டியில் எலி பயந்து உறைந்து நின்றது. அதற்கே மரபணுவை மாற்றி, மண்டையில் ஒளியிழை செருக வேண்டியிருந்தது. அதிலிருந்து கடற்கரைப் பயணத்தைக் காட்சியாக இறக்கும் தொப்பிக்கு வெகு தூரம். ஆசிரியருக்கு அந்தத் தொப்பி தேவையே இல்லை என்பதுதான் என் வருத்தம். கடிதமும் போட்டோவும் போதும், கதை அப்படியே நடக்கும்.

இன்னொரு பிசகு. மறதி முற்றும்போது அம்மாவுக்குப் போன வாரம் வந்த விருந்தாளி நினைவிருக்கிறது, பிறந்த ஊர் மறந்துவிடுகிறது. பொதுவாக நேர்மாறாகத்தான் நடக்கும். 1881-லேயே ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிவைத்தது: புதியது முதலில் போகும், பழையது கடைசிவரை நிற்கும். மறதி வந்த பெரியவர்கள் உள்ள வீட்டில் இதைப் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. மதியம் சாப்பிட்டதை மறந்துவிட்டு, பள்ளிக்கூட வாத்தியாரின் பிரம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

பியானோ விஷயத்தில் மட்டும் ஆசிரியர் அடித்து ஆடியிருக்கிறார். மகளின் பெயர் வராதபோதும் விரல் தவறாமல் வாசிக்கிறது, இல்லையா? 1953-ல் வலிப்புக்காக ஹென்றி மொலேசன் என்பவருக்கு மூளையின் இரு பக்கமும், புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன் பிறகு 2008-ல் இறக்கும்வரை அவருக்குப் புதிய சம்பவம் எதுவும் தங்கவில்லை. ஆனால் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சி கொடுத்தபோது, நாளுக்கு நாள் கை தேறியது. முன்பு வரைந்ததே இல்லை என்றுதான் சொல்வார். நம் ஊரில் இதைப் பியானோ வைத்து எழுத வேண்டாம், காலையில் வாசல் தெளித்து 15 புள்ளிக் கோலம் போடும் ஒரு அம்மாவை வைத்து எழுதலாம். யாராவது எழுதுங்கள்.

பின்பாதியில் மகள் 'தம்பியை அழித்துவிடு' என்று கருவியிடம் கேட்கும் இடம் வரும். என்ன ஆகிறது என்று சொல்லமாட்டேன். படிக்கும்போது மேலே சொன்ன மூன்றையும் நினைவில் வையுங்கள்: நோட்டில் எழுதியதைக் கிழிக்கலாம், கையில் படிந்ததைக் கிழிக்க முடியாது. பயிற்சியில் கலந்த ஒன்றை மட்டும் தனியாகப் பிரித்து மறக்கவைப்பது இன்றும் தீராத ஆய்வுப் பிரச்சினை. 'நன்றல்லது அன்றே மறப்பது நன்று' என்று வள்ளுவர் சொன்னது நமக்கே கஷ்டம். பயிற்சி முடிந்த மாதிரிக்கு அதைவிடக் கஷ்டம். புதிதாக ஒன்றைக் கற்பிக்கப் போனால் வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதை மறந்துவிடும் வம்பும் உண்டு. 1989-லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

அம்மா இறந்த பிறகு அந்தக் கருவி யாருக்குச் சொந்தம் என்ற சண்டை கொஞ்சம் இழுவை, வேகமாகப் புரட்டலாம். நம் நாட்டில் 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவர் இறந்தாலோ செயலற்றுப் போனாலோ அவருடைய தரவு உரிமைகளைப் பயன்படுத்த இன்னொருவரை நியமித்து வைக்க வழி இருக்கிறது. பேங்க் பாஸ்புக்குக்கு நாமினி போடுவதுபோல. நாவலில் யாரும் போட்டுவைக்கவில்லை, அதுதான் பிரச்சினை.

அறிவியல் தெரியாமல் படிக்கலாமா என்றீர்கள். தாராளமாக. கையில் ஒரு பென்சில் போதும். கருவி எங்கெல்லாம் இடைவெளியை நிரப்புகிறதோ அங்கே ஓரத்தில் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில், இதை மறுக்கக்கூடியவர் யார் என்று ஒரு பெயர். முதல் அத்தியாயத்தில் சுலபமாக நாலைந்து பெயர் கிடைக்கும். போகப் போகப் பாருங்கள். பெயர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குறைவதை ஆசிரியர் எவ்வளவு சத்தமில்லாமல் செய்கிறார் என்பது அப்போதுதான் தெரியும். எனக்கு இரண்டாம் வாசிப்பில்தான் பிடிபட்டது.

ஒரு சின்ன விஷயம், விட மனமில்லை. 1907-ல் சென்னை விக்டோரியா ஹாலில் செய்குத்தம்பி பாவலர், ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனித்துக் காட்டும் சதாவதானம் செய்தார். முதுகில் விழும் கல்லை எண்ணிக்கொண்டே, அடிக்கும் மணியை எண்ணிக்கொண்டே, கேட்ட ஈற்றடிக்கு வெண்பாவும் பாடுவது. அவதானம் என்றால் கவனம். இன்றைய மொழி மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்கு அடித்தளமான 2017-ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலும் இருப்பது 'கவனம்' என்ற சொல்தான். ஆனால் அவதானக் கலையில் சபை நிறைய ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கல் எண்ணிக்கை தப்பினால் எழுந்து சொல்ல.

இந்தப் பதிலை அனுப்புவதற்கு முன் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். புகை வந்தது பிரேக்கில் இல்லையாம். ரேடியேட்டரிலிருந்து ஆவியாம், அதுவும் ஏறும்போதாம். அப்படியானால் ரப்பர் வாடை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். வாடையெல்லாம் ஒன்றும் இல்லை என்கிறாள். பெரியம்மாவைக் கேட்கலாம் என்றால், அவர் போய் நாலு வருடம் ஆகிறது.